மாதம் ஒரு புது டூல்: எதைப் படிப்பது, எதை விடுவது?

கேள்வி கேட்டவர் மூன்று வருடமாக ஃபிரன்ட்எண்ட் வேலை, அதாவது பிரவுசரில் தெரியும் பக்கங்களை எழுதும் வேலை பார்ப்பவர். வேலைக்குச் சேரும்போது ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி தெரிந்தால் போதும் என்றார்களாம். அப்புறம் நெக்ஸ்ட், வீட், ஸ்வெல்ட், பன் என்று புது டூல்கள் வரிசையாக வந்துகொண்டே இருக்கின்றன. போதாக்குறைக்கு ஏஐ வேறு. "இதெல்லாம் நிஜமாகவே புதுசா, பழசுக்கே புதுப் பெயரா? எதைப் படிப்பது? எங்கள் டீம் லீட் மொத்த புரொஜெக்டையும் புது ஃபிரேம்வொர்க்கில் திரும்ப எழுதலாம் என்கிறார். நான் என்ன சொல்வது?" என்று கேட்கிறார்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெப் உலகில் வரும் டூல்களில் பெரும்பாலானவை, பிரவுசரிலோ மொழியிலோ அன்றைக்கு இல்லாத ஒன்றை ஈடுகட்டத்தான் பிறக்கின்றன. அந்த யோசனை நல்லதாக இருந்தால் சில வருடங்களில் பிரவுசரே அதை எடுத்துக்கொள்ளும். டூலின் தேவை குறையும், யோசனை தங்கிவிடும். ஆகவே ஒரு டூலைப் பார்க்கும்போது, இது எந்தக் குறையை அடைக்கிறது, அந்தக் குறை இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். எதைப் படிப்பது என்பது அதிலேயே பாதி தெரிந்துவிடும். மீதிப் பாதிக்கு இந்தச் சூத்திரம் உதவாது, அதையும் சொல்கிறேன்.

ஜேக்வெரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியை எடுத்துக்கொள்வோம். 2006 ஜனவரியில் நியூயார்க்கில் நடந்த ஒரு பார்கேம்ப்பில் ஜான் ரெசிக் அதை வெளியிட்டார். அன்றைக்கு ஒரு பட்டனை அமுக்கினால் ஒரு ஃபங்ஷன் ஓட வேண்டும் என்றால்கூட இரண்டு விதமாக எழுத வேண்டும். ஃபயர்ஃபாக்ஸுக்கு ஆட்ஈவென்ட்லிசனர், இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கு அட்டாச்ஈவென்ட். எந்தப் பட்டன் அமுக்கப்பட்டது என்று கேட்டால் ஒன்று 'டார்கெட்' என்று சொல்லும், இன்னொன்று 'எஸ்ஆர்சிஎலிமென்ட்' என்று சொல்லும். ஜேக்வெரி இந்தச் சண்டையை எல்லாம் தனக்குள் மறைத்துக்கொண்டு ஒரே வரியில் வேலையை முடித்தது. அதைவிட முக்கியமாக, சிஎஸ்எஸ் செலக்டரை (பக்கத்தின் எந்தப் பகுதி என்று சுட்டும் குறிப்பை) கொடுத்தால் பக்கத்தில் இருப்பதைத் தேடி எடுத்துத் தரும் வசதியைப் பழக்கமாக்கியது. இன்று அந்தத் தேடல் குவெரிசெலக்டர் என்ற பெயரில் எல்லா பிரவுசரிலும் இருக்கிறது. சர்வரிடம் தரவு கேட்பதற்கு 2015 முதல் ஃபெட்ச் வந்துவிட்டது. இன்றைக்கும் உலகின் வெப்சைட்டுகளில் பாதிக்கு மேல் ஜேக்வெரி ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் இன்று புதிதாகத் தொடங்கும் ஒரு பக்கத்துக்கு அது தேவைப்படுவது அபூர்வம்.

சர்வரிடம் தரவு கேட்பது என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. பக்கத்தை மறுபடி ஏற்றாமலே தரவு வாங்கும் அந்த வித்தை, மைக்ரோசாஃப்ட்டின் அவுட்லுக் மெயிலை பிரவுசரில் காட்டுவதற்காக எழுதப்பட்டது. 1999இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5இல் ஓசைப்படாமல் உள்ளே வந்தது. 2004இல் ஜிமெயிலும் 2005இல் கூகுள் மேப்ஸும் வந்த பிறகுதான் 'அட, இப்படியெல்லாம் செய்யலாமா' என்று எல்லோரும் வியந்தார்கள். 2005 பிப்ரவரியில் அதற்கு ஏஜாக்ஸ் என்று பெயரும் கிடைத்தது. அதாவது புதுமை என்று ஊரே பேசியபோது அதற்கு வயது ஆறு. நீங்கள் இன்று புதிது என்று கேள்விப்படும் பலவும் இப்படித்தான். சர்வரிலேயே எச்டிஎம்எல் தயார் செய்து அனுப்புவதை இப்போது ரியாக்ட் உலகம் பெரிய செய்தியாகப் பேசுகிறது. அதையே ஆரம்பத்திலிருந்து செய்துவந்த, சர்வர் மொழியான பிஎச்பியில் எழுதிய ஆட்கள் சிரிக்கிறார்கள். சிரிப்பது பாதி நியாயம்தான். ஒரே காம்பொனென்ட்டை (பக்கத்தின் ஒரு தனித் துண்டை) சர்வரிலும் பிரவுசரிலும் ஓட்டுவது பிஎச்பி காலத்தில் இல்லாத சங்கதி.

மொழிக்குள்ளேயே நடந்த கதை காஃபிஸ்கிரிப்ட். அதில் எழுதினால் அது ஜாவாஸ்கிரிப்ட்டாக மாறிவிடும். 2009 கடைசியில் ஜெரமி அஷ்கெனாஸ் வெளியிட்டார். ஜாவாஸ்கிரிப்ட்டின் அடைப்புக்குறிகளும் 'ஃபங்ஷன்' என்று ஒவ்வொரு முறையும் எழுத வேண்டிய தொல்லையும் பிடிக்காதவர்களுக்கு அது வரம். 2011இல் ரெயில்ஸ் என்ற வெப் ஃபிரேம்வொர்க்கின் 3.1 பதிப்பு அதைக் கூடவே சேர்த்துக் கொடுத்தது. நான்கே வருடத்தில், 2015இல் வந்த ஜாவாஸ்கிரிப்ட் பதிப்பு அம்புக்குறி ஃபங்ஷன், கிளாஸ் என்று அதன் நல்ல யோசனைகளை எடுத்துக்கொண்டது. அதன் பிறகு காஃபிஸ்கிரிப்ட்டில் இருந்தவர்கள் நடுவழியில் நின்றார்கள். டிராப்பாக்ஸ் 2012இல் ஜாவாஸ்கிரிப்ட்டை விட்டு அதற்குப் போனது, 2017இல் அதை விட்டு டைப்ஸ்கிரிப்ட்டுக்கு வந்தது. இரண்டு முறை இடம் மாறியதற்கான சம்பளச் செலவை நினைத்துப் பாருங்கள்.

டைப்ஸ்கிரிப்ட் மட்டும் ஏன் நின்றது? அதுவும் 2012இல் வந்ததுதான். டர்போ பாஸ்கல், டெல்ஃபி, சி ஷார்ப் ஆகியவற்றின் பின்னால் இருந்த ஆண்டர்ஸ் ஹெய்ல்ஸ்பெர்க்தான் இதன் பின்னாலும் இருந்தார். ஆனால் அது ஜாவாஸ்கிரிப்ட்டை மாற்ற வரவில்லை, அதன் மேல் உட்கார்ந்தது. உங்கள் பழைய ஃபைலை அப்படியே வைத்துக்கொண்டு நாளைக்கு ஒரு ஃபங்ஷனுக்கு மட்டும் டைப் (இது எந்த வகைத் தரவு என்ற குறிப்பு) எழுதலாம். பிடிக்கவில்லையா, டைப்பை மட்டும் உரித்து எடுத்தால் கீழே ஜாவாஸ்கிரிப்ட் இருக்கிறது. பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டும் நோட்டின் இப்போதைய பதிப்புகள் அப்படி உரித்துவிட்டு நேராகவே ஓட்டுகின்றன. ஒரு டூலுக்குள் போகும்போதே வெளியே வரும் வழி தெரிகிறதா என்பதை நான் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாக மதிக்கிறேன். வேகம், அழகு எல்லாம் அப்புறம்.

தமிழில் தளம் நடத்தியவர்களுக்கு இந்தக் கதை புதிதே இல்லை. தொண்ணூறுகளின் கடைசியில் ஒவ்வொரு தமிழ்த் தளத்துக்கும் ஒரு எழுத்துரு. இறக்கி நிறுவாவிட்டால் பக்கம் முழுக்க புரியாத குறிகள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டில் டேம், டேப் என்று குறியீட்டு முறைகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் ஏற்றுக்கொண்டார்கள். இன்னொரு பக்கம் டிஸ்கி என்ற வேறொரு குறியீட்டு முறை இருந்தது. எழுத்துருவைப் பக்கத்தோடே அனுப்பும் 'டைனமிக் ஃபான்ட்' ஒரு பிரவுசரில் வேலை செய்யும், இன்னொன்றில் செய்யாது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற எழுத்துரு மாற்றிகள், தட்டச்சு செய்ய ஈகலப்பை. இவை எல்லாமே திறமைசாலிகள் ராத்திரி கண்விழித்துச் செய்தவை. எல்லா மொழிக்கும் பொதுவான யுனிகோடு பரவியதும், தமிழ் விசைப்பலகை விண்டோஸிலும் போனிலும் கூடவே வந்ததும், இவற்றில் பெரும்பாலானவை ஓய்வு பெற்றன. செய்தவர்களின் உழைப்பு வீண் என்று யாரும் சொல்ல முடியாது. அவர்கள் இல்லாமல் அந்தப் பத்து வருடம் தமிழ் இணையமே இருந்திருக்காது.

ஓய்வு பெற்ற டூலை அப்படியே விட்டு வைப்பதில்தான் ஆபத்து. கட்டடம் முடிந்த பிறகும் சாரத்தைப் பிரிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு பாலிஃபில் டாட் ஐஓ நல்ல உதாரணம். பழைய பிரவுசரில் இல்லாத வசதிகளை ஜாவாஸ்கிரிப்ட்டால் நிரப்பித் தரும் சேவை அது. ஒரு ஸ்கிரிப்ட் டேக் சேர்த்தால் போதும். அதைத் தொடங்கிய ஆண்ட்ரூ பெட்ஸே, இன்றைய தளங்களுக்கு இது தேவையில்லை, எடுத்துவிடுங்கள் என்று 2024 பிப்ரவரியில் சொன்னார். அந்த டொமைன் அப்போதுதான் வேறொரு நிறுவனத்தின் கைக்குப் போயிருந்தது. யார் கேட்டார்கள்? ஜூன் மாதம் அந்த ஸ்கிரிப்ட்டின் வழியாக மொபைலில் வருபவர்களைச் சூதாட்டத் தளங்களுக்குத் திருப்பிவிடும் கோட் வந்தது. லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களில் அந்த டேக் இருந்தது. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அது பல வருடமாகவே தேவைப்பட்டிருக்காது. எடுக்க ஒரு வரி. யாரும் எடுக்கவில்லை, ஏனென்றால் புதிதாகச் சேர்ப்பதற்குத்தான் மீட்டிங்கில் கைதட்டல் கிடைக்கிறது.

லெஃப்ட்பேட் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனால் அதன் பின்கதையை அதிகம் பேர் சொல்வதில்லை. ஒரு சொல்லின் இடப்பக்கம் இடைவெளியோ பூஜ்யமோ நிரப்பும் 11 வரி பேக்கேஜ், அதாவது யார் வேண்டுமானாலும் எடுத்துச் சேர்த்துக்கொள்ளும் கோட். 2016 மார்ச்சில், வேறொரு பேக்கேஜின் பெயர் குறித்த தகராறில் அதை எழுதியவர் தன் எல்லா பேக்கேஜ்களையும் எடுத்துவிட, அதை நேராகவோ சுற்றியோ நம்பியிருந்த எத்தனையோ பில்டுகள் (கோடை வெளியிடத் தயார் செய்யும் வேலைகள்) உலகம் முழுக்க உடைந்தன. அடுத்த வருடமே பேட்ஸ்டார்ட் என்ற பெயரில் அதே வசதி ஜாவாஸ்கிரிப்ட்டுக்குள் வந்துவிட்டது. 2025 செப்டம்பரில் சாக், டிபக் முதலான பேக்கேஜ்களில் திருட்டுக் கோட் நுழைந்தபோதும் இதே நிலைமை. பராமரிப்பவர் ஒரு போலி மின்னஞ்சலில் ஏமாந்தார். பாதிக்கப்பட்ட பேக்கேஜ்களை எல்லாம் சேர்த்தால் வாரத்துக்கு 200 கோடிக்கு மேல் டவுன்லோடு. சாக் செய்யும் வேலை டெர்மினலில் எழுத்துக்கு நிறம் கொடுப்பது. நோட் அந்த வசதியை 2024இலேயே தனக்குள் சேர்த்திருந்தது.

ஆகவே 'புதுசாக என்ன படிக்கலாம்' என்று நீங்கள் கேட்பதற்கு என் முதல் பரிந்துரை கொஞ்சம் சப்பென்று இருக்கும்: உங்கள் புரொஜெக்டின் பேக்கேஜ் பட்டியலைத் திறந்து, ஒவ்வொன்றும் இன்றைக்குத் தேவையா என்று ஒரு மத்தியானம் உட்கார்ந்து பாருங்கள். தேதி, நேரத்தைக் கையாளும் மோமென்ட் இருந்தால் 2020இலேயே அதன் ஆட்கள் புதிய வேலைக்கு வேறெதையாவது பயன்படுத்துங்கள் என்று சொல்லிவிட்டார்கள் என்பது நினைவிருக்கட்டும். பாப்அப்புக்கு ஒரு லைப்ரரி இருந்தால், டயலாக் எலிமென்ட் 2022 முதல் எல்லா பெரிய பிரவுசரிலும் இருக்கிறது. 'இந்தச் செக்பாக்ஸ் டிக் ஆகியிருந்தால் அதைச் சுற்றியுள்ள பெட்டிக்கு நிறம் மாறட்டும்' என்பதற்கு ஜாவாஸ்கிரிப்ட் எழுதியிருந்தால், சிஎஸ்எஸ்ஸின் ஹேஸ் செலக்டர் 2023 கடைசியிலிருந்து எல்லாவற்றிலும் வேலை செய்கிறது. எது எப்போது வந்தது என்று தேட வேண்டாம். பேஸ்லைன் என்ற குறியீடு எம்டிஎன் என்ற வெப் ஆவணத் தளத்தின் பக்கங்களிலேயே இருக்கும். எல்லா முக்கிய பிரவுசரிலும் வந்து 30 மாதம் ஆனால் 'பரவலாகக் கிடைக்கிறது' என்று போடுவார்கள். அது போட்டிருந்தால் தைரியமாகப் பயன்படுத்தலாம்.

சரி, சூத்திரம் உதவாத பாதி. பிரவுசர் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளும் என்று நம்பிக் காத்திருந்தாலும் ஏமாறலாம். காம்பொனென்ட் என்ற யோசனையை வெப் காம்பொனென்ட்ஸ் என்ற பெயரில் பிரவுசர்கள் எடுத்துக்கொண்டன. 2018இல் ஃபயர்ஃபாக்ஸிலும் வந்தாயிற்று. ரியாக்ட் அசையவில்லை. காரணம், ரியாக்ட் தந்தது டேக் மட்டும் இல்லை. தரவு மாறினால் திரை தானாக மாற வேண்டும் என்ற எண்ணம். 2013இல் அது அறிமுகமானபோது ஜாவாஸ்கிரிப்ட்டுக்குள் எச்டிஎம்எல்லைக் கலப்பதா என்று கேலி செய்தார்கள். பத்து வருடம் கழித்துப் பார்த்தால் வியூ, ஸ்வெல்ட், சாலிட் எல்லாமே அந்த எண்ணத்தின் வெவ்வேறு வடிவங்கள். பிரவுசர் எடுத்துக்கொண்டதே பிறகு செத்ததும் உண்டு. இணையம் இல்லாதபோதும் பக்கம் வேலை செய்ய ஆப் கேஷ் என்று ஒரு தரநிலை வந்தது, அதை நம்பியவர்கள் பட்ட பாடு சொல்லி மாளாது. பழைய பக்கமே திரும்பத் திரும்ப வரும், எதை மாற்றினாலும் போகாது. கடைசியில் அதைத் தூக்கிவிட்டு சர்வீஸ் வொர்க்கரைக் கொண்டுவந்தார்கள். தரநிலை என்ற முத்திரை இருப்பதாலேயே எதுவும் நல்லதாகிவிடாது.

அதனால் ரியாக்டா ஸ்வெல்ட்டா என்ற கேள்விக்கு என்னிடம் ஆவேசமான பதில் இல்லை. வேலைச் சந்தையில் எது கேட்கிறார்களோ அதை ஒழுங்காகத் தெரிந்துகொள்ளுங்கள், இன்னொன்றை ஒரு வார இறுதியில் தொட்டுப் பாருங்கள், போதும். பன், வீட் போன்ற பில்டு டூல்களுக்கு அதுகூட வேண்டாம். டீமில் மாற்றும்போது கற்றுக்கொண்டால் சரி.

ஏஐ பற்றி. 2021இல் கோடை எழுதித் தரும் கிட்ஹப் கோபைலட் சோதனைக்கு வந்தது, 2022 நவம்பரில் சாட்ஜிபிடி, இப்போது மொத்த ஃபைல்களையும் தானே திருத்தும் ஏஜென்ட்டுகள். இது முன்பு வந்தவற்றைப் போன்ற டூல் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். பிரவுசரின் குறை எதையும் இது அடைக்கவில்லை. நான் தினமும் பயன்படுத்துகிறேன். ஃபார்ம், டேபிள், டெஸ்ட் எல்லாம் நிமிடத்தில் தருகிறது. ஆனால் தான் படித்ததில் எது அதிகமோ அதைத்தான் தருகிறது. ஃபெட்ச் போதுமான இடத்தில் ஒரு லைப்ரரியை இழுத்து வைக்கும். சில சமயம் இல்லாத பேக்கேஜையே பெயர் சொல்லி நிறுவச் சொல்லும். அப்படிப்பட்ட கற்பனைப் பெயர்களை முன்கூட்டியே பதிவு செய்துவைத்து வலை விரிக்கலாம் என்பது இன்று பாதுகாப்பு ஆட்களின் கவலைகளில் ஒன்று.

கிட்டப் போய்ப் பார்க்க ஒரு உதாரணம். பயனர் பெயரின் முதல் எழுத்தை வட்டத்துக்குள் காட்டும் வேலையைக் கொடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் 'முதல் கேரக்டரை எடு' என்று எழுதித் தரும். 'கோபால்' என்ற பெயருக்கு வட்டத்துக்குள் 'க' வரும். ஏனென்றால் ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு 'கோ' ஓர் எழுத்தில்லை. 'க' ஒன்று, ஓகாரக் குறி இன்னொன்று. 'தமிழ்' என்ற சொல்லின் லெங்த் கேட்டால் 5 என்று சொல்லும், நமக்கு மூன்று எழுத்து. விளக்கத்தை 20 கேரக்டரில் வெட்டினால் சில சமயம் புள்ளியை இழந்து 'ல்' என்பது 'ல' ஆகிவிடும். இதற்கு முன்பு தனி லைப்ரரி தேட வேண்டியிருந்தது. இப்போது இன்டல் செக்மென்டர் என்று பிரவுசரிலேயே இருக்கிறது. குரோமில் 2020இலும் ஃபயர்ஃபாக்ஸில் 2024 ஏப்ரலிலும் வந்தது. இன்னொரு வம்பு: 'கொ' என்பதை ஒகரக் குறி ஒன்றாகவும் சேமிக்கலாம், எகரக் குறியையும் துணைக்காலையும் தனித்தனியாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், ஒப்பிட்டால் வேறு. தேடல் பெட்டியில் 'கொடி' என்று அடித்தால் தரவுத்தளத்தில் இருக்கும் 'கொடி' கிடைக்காமல் போகும். சேமிக்கும் முன்னும் தேடும் முன்னும் நார்மலைஸ் செய்தால், அதாவது ஒரே வடிவத்துக்கு மாற்றினால் தீர்ந்தது. இதைக் கேட்டால் ஏஐ ஒழுங்காகவே எழுதித் தரும். கேட்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டியது நீங்கள். எந்த டூல் வந்தாலும் எச்டிஎம்எல், எச்டிடிபி, யுனிகோடு, பிரவுசர் ஒரு பக்கத்தை எப்படி வரைகிறது என்பதெல்லாம் தெரிந்தவருக்கு வேலை இருக்கும் என்று நான் நினைப்பது இதனால்தான்.

கடைசியாக உங்கள் டீம் லீட். முழுசாகத் திரும்ப எழுதுவதற்கு நெட்ஸ்கேப் என்ற பழைய பிரவுசரின் கதையைத்தான் எல்லோரும் எடுத்துக்காட்டுவார்கள். 1997இல் 4ஆம் பதிப்பு வந்தது, பழைய கோடைத் தூக்கிப்போட்டு முதலிலிருந்து எழுத உட்கார்ந்தார்கள், 5 வெளிவரவே இல்லை, 6 வந்தபோது 2000 நவம்பர். அதற்குள் மைக்ரோசாஃப்ட் சந்தையை எடுத்துக்கொண்டது. ஆனால் அந்த ஒரு கதையை வைத்து உங்கள் லீடை மடக்க முயற்சி செய்யாதீர்கள். திரும்ப எழுத நியாயமான காரணங்களும் உண்டு. பழைய ஆங்குலர்ஜேஎஸ்ஸுக்கு 2021 டிசம்பர் 31ஓடு அதிகாரபூர்வ ஆதரவு நின்றுவிட்டது; அதில் இன்னும் புரொஜெக்ட் ஓடினால் மாறித்தான் ஆக வேண்டும். அந்த ஃபிரேம்வொர்க் தெரிந்த ஆள் கிடைக்கவில்லை என்பதும் உண்மையான காரணம். 'இப்போது எல்லோரும் அதில்தான் இருக்கிறார்கள்' என்பதைக் காரணங்களில் நான் சேர்க்க மாட்டேன்.

அவரிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள். மொத்தத்தையும் தொட வேண்டாம், ரிப்போர்ட் பக்கம் போல ஒரு தனித் திரையை மட்டும் புதியதில் எழுதலாமா? பழைய ஆப்புக்குள்ளேயே அது ஓடட்டும். எழுதி முடித்ததும் எட்டாயிரம் ரூபாய் போன் ஒன்றில் 4ஜியில் இரண்டையும் திறந்து, எத்தனை கேபி ஜாவாஸ்கிரிப்ட் இறங்குகிறது, எத்தனை விநாடியில் பட்டன் வேலை செய்கிறது என்று எழுதி வையுங்கள். கூடவே, பழைய திரையில் பல வருடமாகச் சேர்ந்த சின்னச் சின்னத் திருத்தங்களில் எத்தனை புதியதில் விட்டுப்போயிற்று என்று டெஸ்டிங் ஆளிடம் கேளுங்கள். பொதுவாக அந்தப் பட்டியல்தான் நீளமாக வரும். எண்கள் அவர் பக்கம் இருந்தால் அடுத்த திரைக்குப் போகலாம், நீங்களும் புது ஃபிரேம்வொர்க்கைச் சம்பளத்தோடு கற்றுக்கொண்டிருப்பீர்கள். எண்கள் எதிராக இருந்தால் ஒரு திரையை மட்டும் திரும்பப் பழையதற்கு மாற்றினால் போதும்.